தோல் வாணிபம்

பிள்ளை பெற்ற வயிறு ஒரு நோய் என்று இப்போது எமக்குக் கற்பிக்கப்படுகிறது. கற்பிப்பவர் வைத்தியப் பேராசிரியர் அல்லர், விளம்பரக்காரர். கைத்தொலைபேசியைத் திறந்தால் இரண்டு படங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்றன்கீழ் ‘முன்’, மற்றதன்கீழ் ‘பின்’. முன்படத்தில் தோல் தொய்ந்து மடிந்து கிடக்கிறது. பின்படத்தில் மத்தளத்தில் இழுத்துக் கட்டிய தோல்போல விறைத்து நிற்கிறது. ‘மம்மி மேக் ஓவர்’ என்பது வாணிபம் இதற்கு இட்ட பெயர். தாயைத் திருத்தியமைத்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தாயானதன் தடயத்தை அழித்தல் என்றும் கொள்ளலாம். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் இவ்விளம்பரங்கள் நல்ல தமிழிலேயே பேசுகின்றன. அரச காரியாலயங்களிலிருந்து தமிழில் ஒரு கடிதம் பெறுவதற்கு நாம் பட்ட பாட்டை எண்ணும்போது, பணம் பறிக்க வருகிறவனுக்கு எம் மொழி எவ்வளவு விரைவில் கைவந்துவிடுகிறது என்று வியக்காமலிருக்க முடியவில்லை.

விளம்பரம் சொல்லாத பகுதியிலிருந்து தொடங்குவோம். தோலின் உள்ளடுக்கில் அதனை இழுத்து வைத்திருக்கும் நார்கள் உள்ளன. ஒன்பது மாதம் ஒரு சிசுவைத் தாங்கி விரிந்த வயிற்றிலும், நெடுநாள் கொழுப்பைச் சுமந்து பின் மெலிந்த உடலிலும் இந்நார்கள் தம் மீள்சக்தியை இழந்துவிடுகின்றன. உள்ளிருந்தது போய்விட்டது, உறை மட்டும் மிஞ்சுகிறது. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரு தசைப்பட்டிகளும் சிலருக்கு விலகி நின்றுவிடும். தசைக்குப் பயிற்சி உதவும், தோலுக்கு உதவாது. அங்கேதான் கத்தி வருகிறது. ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றைக் கிழித்து, தோலையும் அதனடியிலுள்ள கொழுப்பையும் விலாவெலும்பு வரை உரித்து உயர்த்தி, விலகிய தசைகளைத் தைத்து இணைத்து, உயர்த்திய தோலைக் கீழே இழுத்து, மிகுந்ததை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தொப்புளுக்குப் புதிதாக ஒரு துவாரம் இடவேண்டும். மயக்கம் தெளிந்தபின் நீர் வடியும் குழாய்களோடும் இறுகக் கட்டிய பட்டியோடும் நாட்கள் கழியும். வெட்டிய விளிம்பு கருகலாம்; உள்ளே நீர் கோக்கலாம்; காலின் நாளத்தில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிரே போகலாம். இவற்றுள் எதனையும் ‘பின்’ படம் காட்டாது. நீண்ட வடுவைக்கூட உள்ளாடையின் கீழே மறைத்துவிடுகிறார்கள்.

வைத்திய விஞ்ஞானத்தின்மீது எமக்குப் பகையில்லை. இந்தக் கத்தி பிறந்த கதை மதிப்புக்குரியது. 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஹவார்ட் கெலி என்ற சத்திர வைத்தியர், தொங்கிய வயிற்றின் பாரத்தால் அவதியுற்ற ஒரு பெண்ணிடமிருந்து ஏழு கிலோவுக்கு மேற்பட்ட தோலையும் கொழுப்பையும் அகற்றினார். அது சுமை இறக்கிய வேலை. முதலாம் உலகப் போரிலே முகம் சிதைந்து வந்த போர்வீரரை இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையில் 1917 தொடக்கம் திருத்திக் கொடுத்தவர் ஹரல்ட் கில்லிஸ். தோலை ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறோரிடத்தில் வாழச் செய்யும் கலை அங்கேதான் தழைத்தது. ஏகாதிபத்தியங்கள் தம் சந்தைகளுக்காக மோதிக்கொண்டன. விவசாயி மகனும் தொழிலாளி மகனும் முகத்தை இழந்தனர். வைத்தியன் இரவு பகலாக நின்று அந்த முகத்தை மீட்டான்.

பிரேசில் நாட்டு ஐவோ பிடாங்கியின் வரலாறு இன்னும் கூர்மையானது. 1961 டிசம்பரில் நித்தெறோய் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி எரிந்து ஐந்நூறு பேரளவில் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறுவர். எரிந்தும் எஞ்சியோரைக் காக்கும் பணியில் முன்னின்றவர் பிடாங்கி. ரியோ நகரத்துத் தர்ம வைத்தியசாலையில் ஏழைகளுக்கென ஒரு பிரிவையும் அவர் நடத்தினார். அதே கைகள்தாம் தொய்ந்த வயிற்றைக் குறைக்கும் முறையைச் செப்பனிட்டு 1967இல் வைத்திய உலகுக்கு விரித்துரைத்தன. அதே கைகளைத் தேடித்தான் உலகத்துச் செல்வச் சீமாட்டிகள் அவருடைய தனியார் மனைக்கு வந்து குவிந்தனர். 2016இல் அவர் காலமானபோது எரிந்த குழந்தைகளின் வைத்தியர் என்பதிலும் பார்க்க அழகுக் கலைஞர் என்றே உலகப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. ஒரு மனிதனின் இரு பணிகளில் எதனைச் சந்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இனி எம் குடாநாட்டுக்கு வருவோம். உபரித் தோலை வெட்டும் தேவை எமக்கு இல்லையா? உண்டு. அது எங்கே உண்டு என்பதை 1987 முதல் செயற்கைக் கால் செய்து கொடுத்துவரும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தின் படியேறியவர்கள் அறிவார்கள். மிதிவெடியில் காலிழந்த ஒருவருக்கு எஞ்சியுள்ள காற்பகுதி என்றும் ஒரே அளவாக இராது. தசை வற்றும், கால் மெலியும், மேற்தோல் மடிந்து தொங்கும். அம்மடிப்பு செயற்கைக் காலின் கிண்ணத்துள் நசுங்கிப் புண்ணாகும். சிறு வயதிற் காலிழந்த பிள்ளைக்கோ எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், தோல் போதாமற் போகும். இருவருக்கும் மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டும். வேண்டியது அழகுக்கன்று, வயலுக்கு நடந்து போவதற்கு, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதற்கு. ஜெய்ப்பூர்க் காலை 1968இல் உருவாக்கியவர்களுள் ஒருவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கலாம். உடைந்த உடலைச் செப்பனிடும் கலைக்கு உழைப்பாளியின் விரல்கள் எவ்வளவு கொடுத்திருக்கின்றன என்பதைப் பட்டதாரிகளாகிய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

தீப்புண்பட்டோரின் நிலை வேறு. அவர்களுக்குத் தோல் மிகுதியில்லை, பற்றாக்குறை. தீப்புண் ஆறும்போது தோல் சுருங்கி இறுகும். நாடி நெஞ்சோடு ஒட்டும். முழங்கை மடங்கியபடியே நிற்கும். 1990இல் போர் மறுபடி மூண்டபின் மின்சாரம் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில் எம் தலைமுறை ஜாம் போத்தல் விளக்கின் கீழேதான் எழுத்துக் கூட்டிப் படித்தது. அந்த விளக்கு தட்டிவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதை எத்தனையோ குடும்பங்கள் தம் உடலால் அறிந்தன. இலங்கை முழுவதிலும் வறிய வீடுகளின் கதை இதுவே. விஜய கொடகும்புர என்ற சிங்களச் சத்திர வைத்தியர் எரிந்து வரும் பெண்களையும் பிள்ளைகளையும் கண்டு கண்டு, கத்தியோடு நின்றுவிடாமல் விளக்கையே திருத்தப் புறப்பட்டார். அடி கனத்து, இருபுறம் தட்டையாகி, திருகு மூடி போட்ட ஒரு சிறு கண்ணாடி விளக்கு. விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998இல் ரோலெக்ஸ் பரிசு அவருக்குக் கிடைத்தது. கைக்கடிகாரக் கம்பனியின் பரிசு என்பதற்காக விளக்கின் பெருமை குறைந்துவிடவில்லை. தோலைப் பற்றிச் சிந்தித்த ஒரு வைத்தியன் எங்கே போய்ச் சேரவேண்டுமோ அங்கே அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்படி, உண்மையான தேவை ஒருபுறம் காத்திருக்கிறது. 2022 மார்ச்சில் நாடு வங்குரோத்தாகிக் கொண்டிருந்தபோது பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அன்றிருந்து வைத்தியர்கள் கப்பலேறியது போல விமானமேறிக்கொண்டிருக்கிறார்கள். இலவச வைத்தியசாலையில் காத்திருப்போர் வரிசை நீள்கிறது. தனியார் மனையில் வெட்கப்படுவோருக்கு உடனே நாள் குறித்துக் கொடுக்கப்படுகிறது. எமது வழக்கு இதுதான்.

எமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளின் தாய். கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த மச்சாள் பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் “உனக்கு இப்ப எத்தினை மாதம்?” என்று கேட்டுவிட்டாள். அந்த ஒரு கேள்விக்கு விலை ஒரு தாலிக்கொடி. அது அடைவுக் கடைக்குப் போயிற்று. ஆசிரியை கொழும்புக்குப் போனார். கையொப்பமிட்ட பத்திரம் நாலு பக்கம், ஆங்கிலத்தில். திரும்பி வந்து இரண்டாவது கிழமை வெட்டின் ஓரம் அழுகத் தொடங்கியது. கொழும்பு மனைக்குத் தொலைபேசி எடுத்தபோது வந்து காட்டுங்கள், கட்டணம் வேறு என்றார்கள். கடைசியில் அந்தப் புண்ணுக்கு ஆறு கிழமை மருந்து கட்டியது எமது அரசாங்க வைத்தியசாலைத் தாதிமார், ஒரு சதமும் வாங்காமல். இலாபம் தனியாருக்கு, புண் பொதுமக்களுக்கு! அரசியற் பொருளாதாரம் படிப்பிக்கும் நண்பர்கள் இதைவிடத் தெளிவான பாடம் தேடி அலையவேண்டியதில்லை.

அந்தப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் தமிழிலே வைத்தியம் கற்பித்த மண் இது. 1867இலேயே ‘இரண வைத்தியம்’ என்ற சத்திர நூல் இங்கே தமிழில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், தமிழ்ப் பட்டதாரியொருவர் தம் வயிற்றை எப்படி வெட்டப்போகிறார்கள் என்பதை அறியாமலே கையொப்பமிடுகிறார். அவரைக் கவர்ந்த விளம்பரம் மட்டும் தமிழில் இருந்தது.

இவருக்காவது புண்ணோடு போயிற்று. சிக்காகோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைத் தலைவராயிருந்த டொண்டா வெஸ்ட், பாடகர் கன்யே வெஸ்டின் தாயார், வயிற்றுத் தோலைக் குறைப்பது உள்ளிட்ட அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மறுநாள், 2007 நவம்பர் 10இல், 58ஆவது வயதில் இறந்துபோனார். இருதய நாளத்தில் நோயிருந்தது பின்னர் தெரியவந்தது. அதன்பின் 2009இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: அழகுச் சத்திரசிகிச்சைக்கு முன் உடற்பரிசோதனை நடந்திருக்க வேண்டுமென்று. அதையும் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது என்பதே இவ்வாணிபத்தின் இலட்சணம். இதன் உடன்பிறப்பான கொழுப்பகற்றும் சிகிச்சைக்குப் பெங்களூர்த் தனியார் மனையொன்றிற் சென்ற கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ் 2022 மே மாதம் உயிரிழந்தார். வயது 21. இருபத்தொரு வயதிலே அகற்றுவதற்கு அப்படி என்ன இருந்தது?

இங்கே ஒரு சங்கிலியைக் கவனிக்கவேண்டும். முதலில் சீனியும் மாவும் எண்ணெயும் கலந்த பண்டத்தை விற்று உடலைப் பருக்கவைக்கிறார்கள். பின்னர் மெலிய மருந்து. செமகுளுடைட் என்ற ஊசிமருந்து உடற்பருமனுக்கென ‘வெகோவி’ என்னும் பெயரில் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2025 மார்ச்சில் ‘மவுஞ்சாரோ’வும் அதே ஆண்டு யூனில் ‘வெகோவி’யும் இந்தியச் சந்தைக்கு வந்தன. நீரிழிவுக்காரருக்கும் உடற்பருமனால் நோயுற்றோருக்கும் இவை பயன்படக்கூடியவை; அதனை மறுப்பது அறியாமை. ஆனால் விரைவில் மெலிந்தவனின் தோல் விரைவிற் சுருங்காது. கன்னம் தொங்கும், புயம் தொங்கும், வயிறு தொங்கும். அப்போது மூன்றாவது கடைக்காரன் கத்தியோடு காத்திருக்கிறான். ஒரே உடல், மூன்று கொள்முதல்!

இந்தச் சங்கிலியை இழுப்பது பணம் மட்டுமன்று. வெட்கமும் இழுக்கிறது. வெட்கத்தின் தொழிற்சாலைகளில் ஒன்று எமது கலியாணச் சந்தை. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் படம் அனுப்பிப் பெண்ணை நிறுத்துப் பார்க்கும் சந்தை. இன்னொன்று, சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், எமது வகுப்பறை. கேசாதிபாதமும் பாதாதிகேசமும் படிப்பிக்கிறோம். இடை மின்னல் என்கிறோம், நூல் என்கிறோம், இல்லவே இல்லை என்று புலவன் ஐயுற்றதை அணி நயம் என்று விதந்து பரீட்சைக்கு விடை எழுதுவிக்கிறோம். வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து மூன்று பிள்ளை பெற்ற தாயின் மகள் அந்த விடையை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். முற்போக்குக் கவிஞர்களும் இவ்விஷயத்திற் பின்வாங்கியவர்கள் அல்லர். புரட்சிக்கு அழைக்கும் பெண்ணுக்குங்கூடக் கொடியிடை வேண்டும் அவர்களுக்கு.

தொய்ந்த தோல் அருவருப்பு என்பது எல்லாக் காலத்துக்கும் உரிய உண்மையுமன்று. மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் பாட்டிமார் பாம்படம் அணிந்து காதுச் சோணையைத் தோள் தொட வளர்த்தார்கள். வடிகாது அன்று பெருமை. அடுத்தடுத்த தலைமுறையில் அதுவே நாட்டுப்புறத்து அவமானமாகி, வைத்தியரிடம் போய் வெட்டித் தைத்துக்கொண்டார்கள். தோல் அதே தோல். மாறியது பார்வையின் அதிகாரம். இன்னும் பின்னே போனால் காரைக்காலம்மையார் இருக்கிறார். வணிகன் மனைவியாக இருந்து, கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுருக் கொண்டவர் என்பது கதை. பொலநறுவையிற் கண்டெடுக்கப்பட்ட அவருடைய வெண்கலப் படிமம் கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது. வற்றித் தொங்கிய மார்பும் விலாவெலும்பும் கையிலே தாளமுமாக அந்தக் கிழவி பாடிக்கொண்டிருக்கிறாள். எமக்குப் பக்தி குறைவுதான். ஆயினும் தொய்ந்த உடலை ஒளிக்காமல் வெண்கலத்தில் வார்த்த அந்தச் சிற்பியின் துணிவு, எம்மை ‘முன்’ படமாக்கிக் காட்டும் விளம்பரக்காரனிடம் இல்லை.

எதிர்வாதங்கள் உண்டு. என் உடல், என் பணம், உமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். கேட்க அவருக்கு உரிமையுண்டு. கத்திக்குப் போனவரை ஏளனம் செய்ய எமக்கு உரிமையில்லை; எம் இடதுசாரி நண்பர்கள் சிலர் “பூர்ஷ்வாச் சீமாட்டிகளின் பைத்தியம்” என்று சிரித்து இதனைத் தள்ளிவிடுவதையும் நாம் ஒப்பவில்லை. அடைவுக் கடைக்குப் போன அந்தத் தாலிக்கொடி சீமாட்டியினுடையதன்று, மாதச் சம்பளக்காரியினுடையது. உடல் அவருடையதுதான். ஆனால் பந்தியில் வைத்து அவருக்கு ஊட்டப்பட்ட அவமானம் அவர் உற்பத்தி செய்ததா?

இரண்டாவது வாதம் கனமானது. 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சத்திரசிகிச்சை ஏழைப் பெண்களுக்கு இலவசமாகச் செய்யப்படும் என்று அறிவித்தபோது, அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்ற பொருள்பட அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். பிடாங்கியும் ஏழைக்கு அழகு உரித்து என்றே பேசினார். கேள்வி முட்டாள்தனமானதன்று. மார்பின் பாரத்தால் முதுகு வலிக்கும் பெண்ணுக்குச் செய்வது வைத்தியம்; அதை இலவசமாகச் செய்த அரசாங்கத்தை வாழ்த்துவோம். பெருமளவு மெலிந்தபின் தோல் மடிப்புக்குள் வியர்வை தேங்கி ஓயாது புண்ணாகும் ஒருவருக்கு அம்மடிப்பை வெட்டுவதும் வைத்தியமே. அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகள்கூட, புண் இருந்ததை நிரூபித்தால் அதற்குப் பணம் கொடுப்பதுண்டு, அழகுக்கென்றால் கொடுப்பதில்லை. கோடு கிழிக்க முடியாது என்பவர்கள் கம்பனிக் கணக்கர்களிடமாவது கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அவமானத்தால் வருகிறவளுக்கு இலவசக் கத்தியை நீட்டும் அரசாங்கம், அவமானப்படுத்தியவனின் தீர்ப்பைத் தன் முத்திரையிட்டு உறுதி செய்கிறது. சத்திரக்கூடத்தின் ஒரு மணி நேரம் இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாதது. அந்த மணி நேரத்தை மூடிய முழங்கைக்கா, விரியாத கழுத்துக்கா, செயற்கைக் காலுள் நசுங்கும் மடிப்புக்கா முதலிற் கொடுப்பது என்று வரிசை வகுக்கலாம். அந்த வரிசையில் மச்சாளின் கேள்விக்கு இடமில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. வடக்கின் அரசாங்க வைத்தியசாலைகளில் தீப்புண்ணுக்கும் வடுவுக்கும் உறுப்பிழந்தோருக்கும் தோற் சத்திரசிகிச்சை காத்திருப்பின்றிக் கிடைக்க ஆளும் மருந்தும் வேண்டும். பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாய்க்கும் விலகிய வயிற்றுத் தசைக்கான பயிற்சியை, கருப்பை இறக்கத்துக்கான பரிசோதனையை, கிராமத்துக் கிளினிக்கிலேயே கொடுக்கவேண்டும். முன்னாளில் வீட்டுப் பெண்கள் காயச் சரக்கும் பத்தியக் கறியும் கொடுத்து வயிற்றுக்குத் துணி சுற்றிக் கட்டியதில் விஞ்ஞானம் எவ்வளவு என்று வாதாடலாம். முப்பத்தொரு நாளாவது அவளை ஒருவர் பார்த்துக்கொண்டார் என்பதை மறுக்க முடியாது. ‘முன்-பின்’ படங்களோடு சத்திரசிகிச்சையை விளம்பரம் செய்வதைத் தடைசெய்யவேண்டும். கையொப்பப் பத்திரம் நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும். வெட்டியவன்தான் புண்ணாறும்வரை பொறுப்பு. அரச வைத்தியசாலை அந்தப் புண்ணைப் பார்க்க நேர்ந்தால் செலவை அவனிடமிருந்து அறவிடவேண்டும்.

எஞ்சியது ஆசிரியராகிய எமது வேலை. தோலின் குறுக்குவெட்டு முகத்தை மாணவரைக் கொண்டு வரைவித்துப் பாகங்களைக் குறிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர், அந்த நார்கள் பிள்ளைப்பேற்றில் என்ன ஆகின்றன என்பதையும் அதே கரும்பலகையில் எழுதட்டும். தமிழாசிரியராகிய நாம் மின்னலிடைக்கு நயம் எழுதுவிக்கும் அன்றே, காரைக்காற் பேயின் படத்தையும் வகுப்பில் தொங்கவிடுவோம்.